வெந்நீர்க்கலனும் பழுதுற்ற சூடேற்றியும்

மின்னாற்றலைக் கொண்டு நாம் செய்யும் வேலைகளுள் மிக எளியது வெப்பம் உண்டாக்குவதுதான். விளக்கு எரியும்போதும் விசிறி சுழலும்போதும் அவ்வாற்றலில் ஒரு பங்கு நாம் வேண்டாமலே வெப்பமாகிக் கழிகிறது. வெந்நீர்க்கலனிலோ வேண்டுவதே வெப்பம். கடைவீதியில் எலிமென்ட் என்றும் காயில் என்றும் வழங்கும் அதன் சூடேற்றியில் சுழலும் உறுப்பு இல்லை; உராய்ந்து தேயும் உறுப்பும் இல்லை. உள்ளே ஒரு கம்பி, அதைச் சூழ்ந்து ஒரு தூள், தூளுக்கு மேல் ஓர் உலோக உறை, அவ்வளவே. இத்துணை எளிய அமைப்பு ஒரு வீட்டில் பல்லாண்டு உழைப்பதும் மற்றொரு வீட்டில் ஈராண்டுகூடத் தாங்காமல் போவதும் ஏன்? இவ்வினாவுக்கு விடை காணாமல் பழையதைக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்துவது பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. கொன்ற நோய் கலனுக்குள்ளேயே இருக்க, புதிய சூடேற்றி மட்டும் எத்தனை நாள் வாழும்?

கம்பியில் வெப்பம் பிறக்கும் முறையை அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். கம்பிச் சுருளை நீர் நிறைந்த சாடியில் அமிழ்த்தி, அதில் மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று அவர் வெப்பமானியால் அளந்தார். பிறக்கும் வெப்பம் கம்பியின் மின்தடைக்கு நேர்த்தகவிலும், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவிலும் அமைகிறது என்று 1841-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. இன்று நம் குளியலறைச் சுவரில் தொங்கும் கலனுக்குள் நடப்பது அதே ஆய்வுதான். நீருக்குள் ஒரு கம்பி, கம்பிக்குள் ஒரு மின்னோட்டம்.

விதி கிடைத்தும் தகுந்த கம்பி கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரும்புக் கம்பி சிவக்கச் சூடானால் காற்றுப் பட்டு விரைவில் அரித்துப்போகும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் யாரால் வாங்க முடியும்? அமெரிக்க உலோகவியலாளர் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து உருவாக்கிய கலப்புலோகத்துக்கு 1906-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 80 விழுக்காடு நிக்கலும் 20 விழுக்காடு குரோமியமும் கொண்ட அந்த நிக்ரோம் கம்பி, செம்பைப்போல் அறுபது மடங்குக்கு மேல் மின்தடை உடையது. 1400 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகுவது. அதன் பெருஞ்சிறப்பு வேறொன்று. சூடானதும் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படர்ந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்கிறது. முதன்முதல் நிகழும் அரிப்பே மேலும் அரிக்காமல் தடுக்கும் காப்பாகிவிடுகிறது.

ஆனால் மின்னோட்டம் பாயும் கம்பியை அப்படியே நீரில் இடுதல் ஆகாது. ஆகவே அச்சுருளை ஒரு செப்புக் குழலின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடுத் தூளை நிரப்பி, குழலை வெளியிலிருந்து அழுத்திச் சிறுக்கச் செய்து, தூளைக் கல்போல் இறுகச் செய்கிறார்கள். வெப்பத்தைக் கடத்தவும் வேண்டும், மின்சாரத்தைக் கடத்தாமல் தடுக்கவும் வேண்டும்; இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்து விலையும் மலிவான பொருள்கள் உலகில் சிலவே. மக்னீசியம் ஆக்சைடு அவற்றுள் ஒன்று. அதற்கு ஒரே ஒரு குறை உண்டு: ஈரத்தை ஈர்க்கும். ஈரம் புகுந்த தூள் தன் காவலை இழந்துவிடும். சூடேற்றியின் பழுதுகளுள் கொடியது இக்குறையிலிருந்தே பிறக்கிறது.

வீடுகளில் பெரிதும் காணப்படும் 2000 வாட் சூடேற்றியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த அதற்குப் பதினெட்டு நிமிடம் போதும். செலவாவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இதைவிட நெடுநேரம் ஆனாலே சூடேற்றி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மின்னழுத்தம் 190 வோல்ட்டாகத் தாழ்ந்தால் இதே சூடேற்றி 1365 வாட் அளவே தரும். அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தே ஆற்றல் அமைவதால் இச்சரிவு. கோடை மாலையில் தெருவெங்கும் குளிரூட்டிகள் ஓடும்போது வெந்நீர் சுணங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

சூடேற்றி மாள்வது மூவகை. முதல் வகையில் உட்கம்பி ஓரிடத்தில் அறுந்துபோகும். சுற்று முறிந்ததால் மின்னோட்டம் பாயாது, நீர் சூடாகாது. வீட்டார் உடனே அறிந்துகொள்வர். இது தொல்லை தருமேயன்றிப் பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்யாது. இரண்டாம் வகையில் உட்கம்பி உறையோடு நேரே ஒட்டிக்கொள்ளும். நில இணைப்பு செம்மையாக இருந்தால் மின்துண்டிப்பான் பெரும்பாலும் அக்கணமே விழும். இதுவும் வெளிப்படையான பழுதே.

மூன்றாம் வகைதான் அஞ்சத்தக்கது. உறையில் மயிரிழை போன்ற விரிசல் விழும். அல்லது முனையை அடைத்திருக்கும் அடைப்பு நெகிழும். அவ்வழியே ஈரம் தூளுக்குள் புகும். உட்கம்பி அறுவதில்லை, எனவே நீர் வழக்கம்போல் சூடாகிறது. ஆனால் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு ஈரத்தூள் வழியே உறைக்கும், உறையிலிருந்து நீருக்கும் கலனின் உடலுக்கும் கசிகிறது. நில இணைப்பு செம்மையாக இருந்தால் அக்கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையேல் ஈரக்காலுடன் நின்று குழாயைத் திருகும் மனிதரின் உடலே அதற்கு வழியாகும். சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டமே நெஞ்சின் துடிப்பைக் குலைக்க வல்லது. சுவரிலுள்ள வழக்கமான மின்துண்டிப்பானோ 16 ஆம்பியரையும் 20 ஆம்பியரையும் நோக்கிக் காத்திருப்பது. இச்சிறு கசிவு அதன் கண்ணில் படாது. “வெந்நீர் நன்றாக வருகிறதே, பிறகென்ன பழுது?” என்று கேட்பவர்கள் இதை உணர வேண்டும். குழாயைத் தொட்டதும் சுருக்கென்றால், அன்றே, அந்நேரமே, மின்இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இக்கசிவைக் காண்பதற்கென்றே அமைந்த கருவி ஆர்சிசிபி எனப்படும் கசிவுத் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ இணைப்பை அறுத்துவிடும். வெந்நீர்க்கலனைப் போட்டதும் இக்கருவி விழுந்தால், குற்றம் கருவியினது அன்று. அதை நீக்கிவிட்டு நேரே இணைப்பதும், பிளக்கின் பெரிய முனையாகிய நில இணைப்பைக் கழற்றிவிட்டுக் கலனை ஓட்டுவதும் நம் ஊர்களில் நடக்கின்றன. கசிவு நிற்பதில்லை, அதற்கிருந்த ஒரே நல்ல வழிதான் அடைபடுகிறது. இதைச் செய்பவர் எவ்வளவு கைதேர்ந்த மின்பணியாளராயினும் அவரை அவ்வேலைக்கு விடலாகாது.

இனி, உறை ஏன் விரிசல் காண்கிறது என்னும் வினாவுக்கு வருவோம். விடை நீரில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். நீர் சூடானதும் கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரியமில வளி வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட்டு பிரிந்து படியும். சர்க்கரையும் சோற்றுப்பும் சுடுநீரில் கூடுதலாகக் கரையக் கண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றும். கால்சியம் கார்பனேட்டோ வெப்பம் ஏற ஏறக் குறைவாகவே கரையும். கலனுக்குள் மிகச் சூடான இடம் சூடேற்றியின் மேற்பரப்பு. ஆகவே படிவு முதலில் அங்கேயே உறைகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்திருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள நீரை ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 60 லிட்டர் சூடாக்கினால், கலன் வழியே 30 கிராம் கடினப்பொருள் நாள்தோறும் கடந்து செல்கிறது. அதில் இருபதில் ஒரு பங்கே படிந்தாலும் ஓராண்டில் அரைக்கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். சிறுவாணி நீர் வரும் கோவைத் தெருவிலும் ஆழ்துளை நீரை நம்பிய பக்கத்துத் தெருவிலும் ஒரே வகைக் கலன் இருவேறு வாழ்நாள் காண்பதன் விளக்கம் இதுவே.

படிவு செய்யும் கேட்டைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மின்கட்டணம் பெருமளவு ஏறும் என்பது அவர்கள் அச்சம். நீருக்குள் அமிழ்ந்த சூடேற்றியைப் பொறுத்தவரை இது பெரிதும் பொருந்தாது. கம்பியில் பிறந்த வெப்பத்துக்கு நீரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. சற்று நேரம் தாழ்ந்தேனும் அது நீரையே அடையும். உண்மையான கேடு வேறிடத்தில் இருக்கிறது. படிவு எவ்வளவு தடித்தாலும் கம்பி தன் 2000 வாட் வெப்பத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். குறைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. எட்டு மில்லிமீட்டர் தடிப்பும் எண்பது செண்டிமீட்டர் நீளமும் உள்ள உறையில், ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் வழியாகவும் ஏறத்தாழ 10 வாட் வெளியேறியாக வேண்டும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் சில நூறில் ஒரு பங்கே இப்படிவுக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் படிவைக் கடக்க, உறைக்கும் நீருக்கும் இடையே 50 முதல் 100 பாகை வரை கூடுதல் வேறுபாடு தேவைப்படும். மூன்று மில்லிமீட்டர் ஆனால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நீர் 60 பாகையில் அமைதியாக இருக்க, உறை முந்நூறைக்கூடத் தாண்டித் தவிக்கலாம். உட்கம்பி அதனினும் மேலே போகும். நாள்தோறும் இப்படிச் சூடாகி விரிவதும் குளிர்ந்து சுருங்குவதுமாக இருந்தால் செம்பும் களைத்துப்போய் ஒரு நாள் பிளக்கும்.

கழற்றிய ஒரு சூடேற்றியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெண்சாம்பல் நிறப் படிவு வளைவுகளின் இடைவெளியை முற்றிலும் அடைத்து, மூன்று சுற்றுகளையும் ஒரே கட்டியாக்கியிருந்தது. திருப்புளியின் பிடியால் தட்டியபோது முட்டையோடுபோல் தகடு தகடாக உதிர்ந்தது. உதிர்ந்த தகட்டின் உட்புறத்தில் செப்புறையின் வளைவு அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தது. உள்வளைவில், படிவு மிகத் தடித்திருந்த இடத்தில், செம்பு கறுத்துப் போயிருக்க, அதன் நடுவே நகநீளத்தில் ஒரு விரிசல். விரிசலின் ஓரத்தில் பச்சைப் பொடி. பழுது எங்கே தொடங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சூடேற்றியைக் கலனோடு இணைக்கும் தட்டில் பொருத்தப்பட்டிருந்த மற்றொரு தண்டு, வந்தபோது விரல் தடிப்பில் இருந்திருக்க வேண்டியது, நடுக்கம்பி மட்டும் எஞ்சி நின்றது. அது மக்னீசியத் தண்டு. தன்னை அழித்துக் கலனைக் காப்பதால் அதை ஈகத்தண்டு எனலாம். கலனின் உட்புறம் எஃகு. அதன்மேல் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் நீர் எஃகை அரிக்கும். அருகில் செப்புறை இருப்பது அவ்வரிப்பை விரைவுபடுத்தும். இரும்பைவிட மிக எளிதில் மின்னணுக்களை இழக்கும் மக்னீசியம் அதே நீரில் தொடர்போடு இருந்தால், அரிப்பு அதையே நாடிச் செல்லும். இக்கருத்தைக் கப்பல்களில் முதலில் ஆய்ந்து காட்டியவர் ஹம்ப்ரி டேவி. செப்புத் தகடு வேய்ந்த கப்பல்களைத் துத்தநாகமும் இரும்பும் கொண்டு காக்கலாம் என்று 1824-ஆம் ஆண்டு அவர் எடுத்துரைத்தார். நம் வீடுகளில் சூடேற்றியை மாற்றும்போது இத்தண்டைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை. தேய்ந்த தண்டை அப்படியே விட்டுப் புதிய சூடேற்றியை மட்டும் பொருத்தினால், அடுத்து ஓட்டையாவது கலனே. சூடேற்றியை மாற்றலாம், ஓட்டையான கலனை எறியத்தான் வேண்டும்.

சூடேற்றியே குற்றவாளி என்று முடிவு செய்யுமுன் அளந்து பார்க்க வேண்டும். மின்துண்டிப்பானை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிய பின்பே கலனின் அடிமூடியைத் திறக்கலாம். சுவர் விசையை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைப்பது இடர். இணைப்புக் கம்பிகள் இடம்மாறிப் பொருத்தப்பட்ட வீடுகளில் விசை அணைந்தும் மின்னழுத்தம் உள்ளே நிற்கும். சூடேற்றியின் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். 230-இன் இருமடியாகிய 52,900-ஐ வாட் எண்ணால் வகுத்தால் வரவேண்டிய ஓம் கிடைக்கும்: 3000 வாட்டுக்கு 17.6, 2000 வாட்டுக்கு 26, 1500 வாட்டுக்கு 35. அளவி எண்ணே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. எண் சரியாக இருந்தால் சூடேற்றி நலம் என்று எழுந்துவிடக் கூடாது. ஒரு முனைக்கும் உறைக்கும் இடையே அளப்பதுதான் இன்றியமையாத சோதனை. அங்கே தடை எல்லையற்றதாகத் தோன்ற வேண்டும். மல்டிமீட்டர் சில வோல்ட் கொண்டே சோதிப்பதால் சிறு ஈரக்கசிவை அது தவறவிடலாம். ஐயம் இருப்பின் 500 வோல்ட் செலுத்தும் மெக்கர் என்னும் காப்புத்தடை அளவியால் சோதிக்கச் சொல்லுங்கள்.

சூடேற்றியில் குறையே இல்லாமல், இணைப்புத் திருகு தளர்ந்து போயிருப்பதும் உண்டு. தளர்ந்த முனையில் அரை ஓம் தடை தோன்றினால் போதும், 8.7 ஆம்பியர் பாயும்போது அச்சிறு புள்ளியில் 38 வாட் வெப்பம் பிறந்து, கம்பியின் மேலுறை கருகும். தெர்மோஸ்டாட் என்னும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி கெட்டிருப்பதும் உண்டு. இவற்றை அறியாமல் நல்ல சூடேற்றியைத் தூக்கி எறிந்த வீடுகள் பல.

மாற்றும் முறை கடினமன்று. ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது. நீர் ஆறும்வரை காத்திருந்து, உள்வரும் குழாயின் அடைப்பானை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைத் தணித்து, நீரை வடிக்க வேண்டும். கம்பிகள் எவ்வெவ்விடத்தில் இருந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நலம். தட்டின் மரைகளைக் கழற்றிப் பழையதை இழுக்கும்போது படிவு தடுத்தால், முரட்டுத்தனமாக அசைக்காமல் மெல்லத் தட்டி உதிர்த்து எடுக்க வேண்டும். கண்ணாடிப் பூச்சு உடைந்தால் கலன் போயிற்று. அடியில் கிடக்கும் கசடு முழுவதையும் வாரிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட படிவுக்கு, எலுமிச்சை உப்பு என்று கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் ஊற்ற வேண்டா. அது எஃகையும் விடாது.

புதியது வாட் எண்ணிலும், தட்டின் துளைகளிலும், வளைவின் நீளத்திலும் பழையதை ஒத்திருக்க வேண்டும். விரைவில் சூடாகும் என்று 2000 வாட் இருந்த இடத்தில் 3000 வாட்டைப் பொருத்துவது, அதற்கெனப் போடாத மின்கம்பியையும் விசையையும் வதைப்பதாகும். இரப்பர் வளையத்தைக் கட்டாயம் புதிதாக இட வேண்டும். மரைகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினால்தான் தட்டு சமமாக அமரும். புதிய ஈகத்தண்டைப் பொருத்தி, நீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றொலி நின்று நீர் சீராக ஒழுகும்வரை காத்திருந்து, கசிவில்லை என்று கண்டபின்பே மின்சாரம் தர வேண்டும். நீரில்லாக் கலனில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பத்துக்குப் போக்கிடமின்றிச் சூடேற்றி சற்று நேரத்தில் கனன்று கெடும். விலைகொடுத்து வாங்கிய புதியது அன்றே பழையதாகிவிடும். நெடுநாள் கிடங்கில் கிடந்த சூடேற்றியாயின், பொருத்துமுன் உறைக்கும் முனைக்கும் இடையே மீண்டும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். முனை வழியே காற்றின் ஈரம் புகுந்திருக்கலாம்.

மின்பணியில் பழக்கமில்லாதவர் இதைத் தாமே செய்ய முனைய வேண்டா. பணியாளரை அழையுங்கள், ஆனால் அருகில் நில்லுங்கள். கழற்றிய சூடேற்றியை வாங்கிப் பாருங்கள். படிவு எவ்வளவு, விரிசல் எங்கே, தண்டு எஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். படிவு மிகுதியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டை 75 பாகைக்குத் திருகிவைக்காமல் 60 அளவில் நிறுத்துங்கள். கலனை ஆண்டுக்கொருமுறை திறந்து துப்புரவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லையென்றால், புதிய சூடேற்றி வாங்கும் அன்றே அதையும் வாங்கிப் பொருத்துங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாதென்றால் முதலில் துண்டிப்பானை வாங்குங்கள். வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.